ஆர்கானிக்கா, ஜி.எம்.மா? மட்டாஞ்சேரியில் நின்று கேட்டால் தலை சுற்றும்!

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் ஒரு நடை போங்கள். மண்டி வாசலில் காய்ந்த மிளகாய் மூட்டை. உள்ளே முந்திரி டின்கள். தள்ளுவண்டியில் அன்னாசி, பப்பாளி, கொய்யா. எதிர்ச் சாயாக்கடையில் ஆவி பறக்கும் கப்பையும் மீன்கறியும். 'அசல் கேரளம்' என்று உடனே போனை எடுத்துப் படம் பிடிப்போம். ஆனால் அந்த மீனைத் தவிர நான் சொன்ன ஒன்றுகூட இந்த மண்ணில் பிறந்ததில்லை, தெரியுமா?

மிளகாய், முந்திரி, அன்னாசி, பப்பாளி, கொய்யா, கப்பை என்கிற மரவள்ளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு! போர்ச்சுகீசியர் காலத்தில் கடல் தாண்டி வந்தவை. திருவிதாங்கூரில் மரவள்ளியைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அதற்கு முன் கேரள ஏழையின் தட்டில் கப்பைக்குப் பெரிய இடம் கிடையாது. இன்று கப்பை இல்லாத கேரளத்தை யாராலாவது நினைத்துப் பார்க்க முடியுமா?

இன்னொரு ஆச்சரியம். டச்சுக்காரர்கள் 1663-ல் கொச்சியைப் பிடித்தார்கள். அவர்களுடைய மலபார் ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீட் இந்த ஊர்ச் செடிகளை எல்லாம் வரையச் சொல்லி 12 தொகுதி புத்தகம் போட்டார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான 'ஹோர்த்தூஸ் மலபாரிகுஸ்'தான் அது. எழுநூறுக்கும் மேற்பட்ட செடிகள்! ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் சொல்லச் சொல்ல எழுதியது. அதில் முந்திரி இருக்கிறது, அன்னாசி இருக்கிறது, மிளகாயும் இருக்கிறது. வந்து இருநூறு வருஷம்கூட ஆகாத செடிகள், அதற்குள் மலபார் மூலிகைப் பட்டியலில் சீட்டுப் பிடித்துவிட்டன. செடி மட்டுமா? ஃபோர்ட் கொச்சி தோபி கானாவில் இன்றும் துணி வெளுப்பவர்களில் பலர், டச்சுப் படையின் சீருடையைத் துவைக்கக் கூட்டிவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள்.

ஆக, 'நம்ம ஊர்', 'இயற்கை', 'பாரம்பரியம்' என்று நாம் போடும் கோடு கொஞ்சம் கோணல்தான். ஆர்கானிக்கா, மரபணு மாற்றமா என்ற சண்டைக்குள் போனால் அந்தக் கோணல் இன்னும் அதிகமாகிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே கிருமி, இரண்டு நியாயம்

மரபணு மாற்றுப் பயிர் (ஜி.எம்.) என்றாலே 'பி.டி.' என்ற இரண்டெழுத்து ஞாபகம் வரும். பி.டி. பருத்தி, பி.டி. கத்தரி. அந்த பி.டி. ஒரு மண் பாக்டீரியா. பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்று முழுப்பெயர். 1901-ல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது இஷிவாடா என்பவர் கண்டுபிடித்தார். 1911-ல் ஜெர்மனியின் துரிங்கியா மாகாணத்தில் மாவு அந்துப்பூச்சியின் உடம்பில் அதையே பார்த்த பெர்லினர், ஊர்ப் பெயரை அதற்கு வைத்துவிட்டார். இதன் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி, ஓட்டை போடும். புழு சாப்பிடுவதை நிறுத்திச் சாகும். நம் வயிறு அமிலம், அந்தப் புரதம் ஒட்டுவதற்கான இடமும் நம் குடலில் இல்லை.

இப்போது கேளுங்கள். இந்த பாக்டீரியாவைத் தண்ணீரில் கலந்து செடிமேல் தெளித்தால் அது ஆர்கானிக்! உலகம் முழுக்க இயற்கை விவசாயச் சான்றிதழ்க்காரர்கள் அனுமதிக்கும் பூச்சிவிரட்டி. அதே பாக்டீரியாவின் ஒரே ஒரு மரபணுவை எடுத்துச் செடிக்குள் வைத்தால்? சான்றிதழ் ரத்து, வாசல் மூடல்!

அபத்தம் என்று உடனே சிரித்துவிட வேண்டாம். ஆர்கானிக் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. தெளித்த பி.டி. வெயிலிலும் மழையிலும் சில நாளில் போய்விடும். செடிக்குள் வைத்த பி.டி. விதைத்த நாள் முதல் அறுப்பு வரை அங்கேயே இருக்கும். விடாமல் விஷத்தைப் பார்க்கும் புழு, விஷத்துக்குப் பழகும். நடந்ததும் அதுதான். 2002-ல் இந்தியாவுக்குள் வந்த பி.டி. பருத்தியின் முதல் மரபணுவை இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் தோற்கடித்துவிட்டதை 2010-ல் விதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. எட்டு வருஷம்தான்!

கதிரியக்கம் சரி, மரபணு தப்பா?

இது இன்னும் சுவாரசியம். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் விதைகளைக் கதிர்வீச்சுக்குக் காட்டி, மரபணுக்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து, அதில் தேறியதைப் பொறுக்கிப் புதிய ரகங்கள் உண்டாக்குகிறார்கள், தெரியுமா? 'ட்ராம்பே' நிலக்கடலை ரகங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. மகாராஷ்டிரத்தில் பெரும் பரப்பைப் பிடித்த டி.ஏ.யு.-1 உளுந்தும் அப்படித்தான். உலகம் முழுக்க இந்த மாதிரி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் பதிவாகி இருக்கின்றன. எந்த மரபணு எங்கே உடைந்தது என்று யாரும் தேடவில்லை. செடி நன்றாக இருக்கிறதா, காய்க்கிறதா என்று பார்த்தார்கள், முடிந்தது. அந்தக் கடலையை ரசாயன உரம் இல்லாமல் விளைவித்தால் ஆர்கானிக் முத்திரை வாங்கலாம்! இடம் பார்த்து ஒரே ஒரு மரபணுவை வைத்தால்தான் கிடையாது.

இதையும் மிஞ்சும் ஒரு கூத்து சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இருக்கிறது. 2015-ல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகமும் பெருவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையமும் சேர்ந்து 291 சாகுபடி ரகங்களைச் சோதித்தார்கள். அத்தனையிலும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவின் மரபணுக்கள்! ஆய்வுக்கூடத்தில் மரபணு மாற்ற விஞ்ஞானிகள் எந்த பாக்டீரியாவை வாகனமாகப் பயன்படுத்துகிறார்களோ, அதே இனம். மனிதன் ஆய்வுக்கூடம் கட்டுவதற்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்பே அது வேலையை முடித்திருக்கிறது. 2019-ல் வந்த இன்னொரு ஆய்வு தேயிலை, நிலக்கடலை ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்த்தது. சாயாவும் கடலையும்! மட்டாஞ்சேரியில் சாயங்காலம் வேறென்ன சாப்பிடுவார்கள்?

இதை வைத்துக்கொண்டு 'இயற்கையே செய்கிறது, ஆகவே எல்லா ஜி.எம்.மும் நல்லது' என்று வாதாடும் கோஷ்டி ஒன்று உண்டு. அதையும் நான் வாங்கமாட்டேன். இயற்கையாக வந்ததெல்லாம் நல்லது என்றால் கப்பையை ஏன் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறோம்? அதில் சயனைடு இருக்கிறது!

இடுப்பளவு தண்ணீரில் அறுப்பு

சரி, மட்டாஞ்சேரியில் இருந்து தெற்கே கும்பளங்கி, செல்லானம் பக்கம் வாருங்கள். இல்லையென்றால் காயலைத் தாண்டி வடக்கே கடமக்குடி. இங்கே விளையும் பொக்காளி நெல்லைப் பற்றித் தெரியுமா? கொச்சிக்காரர்களிலேயே பலபேருக்குத் தெரியாது.

கடல் தண்ணீர் ஏறி இறங்கும் உப்பு வயல். வேறு நெல் போட்டால் கருகிவிடும். பொக்காளி நிற்கும்! சித்திரை விஷு முடிந்ததும் வயலில் தண்ணீரை வடிப்பார்கள். வரப்பைப் பலப்படுத்துவார்கள். சேற்றை வாரிச் சின்னச் சின்ன மேடுகளாகக் குவித்துக் காயவிடுவார்கள். ஏன் மேடு? முதல் மழை கொட்டும்போது மேட்டில் இருக்கும் உப்பும் புளிப்பும் கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிடும். உப்பு போன மேட்டின் தலையில் முளைகட்டிய விதை. ஒரு மாதம் போனதும் மேட்டை வெட்டி, நாற்றோடு சேர்த்து வயல் முழுக்கப் பரப்பிவிடுவார்கள். அவ்வளவுதான்! உரம் கிடையாது. பூச்சிமருந்து கிடையாது. களையெடுப்புகூடப் பேருக்குத்தான்.

செடி ஆளுயரம் வளரும். முற்றியதும் தண்டு சாய்ந்துவிடும், கதிர் மட்டும் தண்ணீருக்கு மேலே தலை தூக்கி நிற்கும். அக்டோபர் வாக்கில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கதிரோடு ஒரு சாண், இரண்டு சாண் மட்டும் அறுத்து வள்ளத்தில் போடுவார்கள். மிச்சத் தாள் தண்ணீரிலேயே அழுகும். யாருக்காக? இறாலுக்காக!

நவம்பர் நடுவில் தண்ணீர் உப்பேறும். தூம்பைத் திறந்து, ராத்திரியில் விளக்கு கட்டித் தொங்கவிட்டால், வெளிச்சம் பார்த்து இறால் குஞ்சுகள் ஏற்றத் தண்ணீரோடு தானாக உள்ளே வரும். அழுகிய தாளைத் தின்று கொழுக்கும். ஏப்ரல் நடுவரை இறால் பிடிப்பு. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எரு. ஒரு நெல், ஒரு மீன் என்பது இந்த வயல்களின் சட்டம். பூச்சிமருந்து ஏன் தெளிப்பதில்லை என்று இனிக் கேட்கமாட்டீர்களே. தெளித்தால் இறால் செத்துவிடும், காசு போய்விடும்! எந்தச் சான்றிதழ்க்காரரும் வந்து மிரட்டத் தேவையில்லை. ஆர்கானிக் விவசாயத்துக்கு இதைவிட உறுதியான காவல் நான் கேள்விப்பட்டதில்லை.

இங்கே நிறுத்தினால் இது ஒரு அழகான கிராமத்துக் கதை. ஆனால் பொக்காளி கிராமத்தோடு நிற்கவில்லை. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பொக்காளியை எடுத்து ஆராய்ந்தது. உப்பைத் தாங்கும் ரகசியத்தின் பெரும்பகுதி அதன் முதல் குரோமோசோமில் ஒரு துண்டில் இருக்கிறது என்று தெரியவந்தது. அதற்கு 'சால்டால்' என்று பெயர். செடிக்குள் சோடியம் ஏறாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அந்தத் துண்டை மரபணு அடையாளம் பார்த்து, கலப்புச் செய்து, ஆசியாவின் பல நெல் ரகங்களுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். உப்பு நிலத்து நெல் ஆராய்ச்சி எங்கே நடந்தாலும் அங்கே பொக்காளி ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. கொச்சியில் வரப்பு உடைந்து வயல் தரிசாகக் கிடப்பது வேறு விஷயம்! வைட்டிலாவில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் நிலையம் இருக்கிறது, 'வைட்டிலா' என்ற பெயரிலேயே ரகங்கள் விடுகிறது. பக்கத்தில் மெட்ரோ ரயில் ஓடுகிறது, நிலத்தின் விலை விண்ணைத் தொடுகிறது. நெல்லுக்கு யார் நிற்பார்கள்?

இதே உப்புப் பிரச்சினைக்குச் சென்னையில் வேறொரு வழி தேடினார்கள், தெரியுமா? தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா குழுவினர் அலையாத்திக் காட்டின் அவிசென்னியா மரினா என்ற கண்டல் மரத்தில் இருந்து உப்பு தாங்கும் மரபணுக்களை எடுத்து நெல்லுக்குள் வைத்தார்கள். கும்பகோணத்தில் பிறந்த, குட்டநாட்டு மங்கொம்பைப் பூர்வீகமாகக் கொண்ட சுவாமிநாதனுக்கு உப்புத் தண்ணீரும் நெல்லும் புதிதா என்ன? ஆனால் இந்தியாவில் இதுவரை ஒரு மரபணு மாற்று நெல்கூட விற்பனைக்கு அனுமதி பெறவில்லை. கண்டல் நெல் ஆய்வுக்கூடத்தோடு சரி.

மூன்றாவது வழியும் வந்துவிட்டது! 2025 மே 4-ம் தேதி டெல்லியில் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள். ஒன்று கமலா. இன்னொன்று பூசா டி.எஸ்.டி. ரைஸ்-1. இரண்டாவது ரகம் உப்பையும் வறட்சியையும் தாங்குவதற்காகவே செய்தது. வெளியில் இருந்து எந்த மரபணுவும் கொண்டுவரவில்லை. எம்.டி.யு.1010 நெல்லுக்குள் இருக்கும் ஒரு மரபணுவைத் திருத்தியதோடு சரி. அந்நிய மரபணு இல்லாத திருத்தம் என்றால் ஜி.எம். பயிருக்கான கெடுபிடி வேண்டாம் என்று மத்திய அரசு 2022 மார்ச்சிலேயே விலக்குக் கொடுத்துவிட்டது.

உப்புக்கு மூன்று நெல். ஒன்று கடலோரக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வைத்தது. ஒன்று கண்டல் மரத்தில் கடன் வாங்கியது. ஒன்று உள்ளே திருத்தியது. சோறாக வடித்து வைத்தால் எது எது என்று நாக்கு சொல்லுமா?

கும்பளங்கியும் திருத்துறைப்பூண்டியும்

2004-ஐ ஐ.நா. சர்வதேச நெல் ஆண்டு என்று அறிவித்தது. அதே வருஷம் பொக்காளி விளையும் கும்பளங்கியில் கூடிய கூட்டம்தான் 'நமது நெல்லைக் காப்போம்' இயக்கத்தின் ஆரம்பம். திருவனந்தபுரத்தின் 'தணல்' அமைப்பு முன்னின்றது. மரபணு மாற்று நெல் வேண்டாம், பாரம்பரிய விதையை விடக்கூடாது என்பது பேச்சு. அந்தத் தீ எங்கே போய்ப் பற்றியது, தெரியுமா? திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில்! தமிழ்நாட்டில் அந்த இயக்கத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்தான் 'நெல்' ஜெயராமன். நெல் திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதை இலவசம். அடுத்த வருஷம் அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். வட்டி நூறு சதவீதம்! ஆனால் அழுதுகொண்டே கட்டியவர் யாருமில்லை. 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுவிட்டு, 2018 டிசம்பரில் போனார்.

இயற்கை விவசாயத்துக்காகப் பேசிய நம்மாழ்வாரைப் பற்றித் தமிழ் வாசகருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் முதலில் வேலை பார்த்தது கோவில்பட்டி அரசு விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் என்பது பலபேருக்கு மறந்துபோயிருக்கும். உரமும் மருந்தும் சிபாரிசு செய்யும் நாற்காலியில் இருந்துதான் எழுந்து வந்தார்.

கத்தரிக்காய்க்கு 'நோ', எண்ணெய்க்கு?

பி.டி. கத்தரி தமிழ்நாட்டுச் சம்பந்தம் உள்ள பயிர், தெரியுமா? மஹிகோ கம்பெனியோடு தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. 2009 அக்டோபர் 14-ல் மத்தியக் குழு பச்சைக்கொடி காட்டியது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு. கேரளத்திலும் கூட்டம் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை! 2010 பிப்ரவரி 9-ல் நிறுத்தி வைத்தார். இன்றுவரை நிறுத்தியது நிறுத்தியதுதான். பங்களாதேஷ் 2013-ல் அனுமதித்து, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்தது. ஒரு வேலி தாண்டினால் விற்பனை, இந்தப் பக்கம் தடை!

கேரளம் அப்போதே ஜி.எம். வேண்டாம் என்று உரக்கச் சொன்ன மாநிலம். 2010-ல் இயற்கை விவசாயக் கொள்கையே போட்டது. ஆனால் எர்ணாகுளம் மார்க்கெட்டுக்குக் காய்கறி எங்கிருந்து வருகிறது? ஒட்டன்சத்திரம், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம்! மலையாளியின் சாம்பார் தமிழனின் தோட்டத்தில் வேர்விட்டது. 2015-ல் பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று கேரளம் குறைசொல்ல, தமிழ்நாடு கோபித்துக்கொள்ள, சில நாள் இரண்டு பக்கமும் அறிக்கைப் போர்.

அதைவிட வேடிக்கை சமையல் எண்ணெய். இந்தியாவின் பருத்தி நிலத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பி.டி. பருத்தி. பஞ்சு எடுத்த பிறகு கொட்டை என்ன ஆகிறது? எண்ணெய்! ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பருத்திக்கொட்டை எண்ணெய் நம் நொறுக்குத் தீனிக்குள் போகிறது. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். அர்ஜென்டினா, பிரேசிலில் இருந்து வரும் சோயா எண்ணெயும் ஜி.எம். சோயாவில் பிழிந்ததே. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ மிஞ்சுவது மிக மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் 'இந்தியாவில் ஜி.எம். உணவே கிடையாது' என்று மேடையில் முழங்குபவர் இறங்கி வந்து கடித்த முறுக்கு எதில் பொரித்தது? தேங்காயெண்ணெயில் பொரித்த நேந்திரம் சிப்ஸ் என்றால் தப்பித்தார்.

ஏன் இத்தனை பயம்?

கேரளத்தின் பயத்தை மூடநம்பிக்கை என்று சொல்பவர்கள் ஒருமுறை காசர்கோடு போய்வர வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் இருந்து 2000 வரை அங்கே அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள்மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே கிணறு, ஓடை, வீடு, பள்ளிக்கூடம். குறையோடு பிறந்த பிள்ளைகள், தலை பெருத்த பிள்ளைகள், எழுந்திருக்க முடியாத பிள்ளைகள். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை விதித்தது. 2017-ல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்த மருந்து எங்கே தயாரானது, தெரியுமா? கொச்சி ஏலூரில் இருந்த மத்திய அரசு நிறுவனத்தின் ஆலையிலும்தான்! பெரியாற்றங்கரை ஓரம். 'பாதுகாப்பானது' என்று கோட்டு போட்டவர்கள் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த பொருள் அது. அதே வாசகத்தோடு இன்னொரு பொருள் வந்தால் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கத்தானே செய்வார்கள்?

இதில் ஒரு முரண், சொல்லாமல் விட முடியவில்லை. பூச்சிமருந்தைக் குறைக்கிறோம் என்று சொல்லித்தான் பி.டி. பயிரே வந்தது. அமெரிக்க தேசிய அகாடமிகள் 2016-ல் போட்ட தடித்த அறிக்கை, ஜி.எம். உணவால் உடம்புக்குக் கூடுதல் கேடு என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. அதே அறிக்கை, ஜி.எம். வந்ததால் அமெரிக்காவின் மகசூல் வேகம் கூடியதற்கும் ஆதாரம் இல்லை என்றது. இரண்டு கட்சியும் தங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டன!

மிளகின் பளபளப்பு

மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டு மிளகைச் சொல்லாமல் போனால் பாவம். ஜூ டவுனில் 1957-ல் தொடங்கிய மிளகு வியாபாரச் சங்கத்தின் கூடத்தில் புரோக்கர்கள் கத்திக் கத்தி விலை பேசிய காலம் உண்டு. மிளகை ஒரு லிட்டர் பாத்திரத்தில் கொட்டி எடை போடுவார்கள். 550 கிராம் நின்றால் நல்ல திரண்ட சரக்கு, அதற்குக் கீழே இறங்கினால் பொக்கு. சுத்தம் செய்து தரம் பிரித்தது 'எம்.ஜி.-1'. கண்ணூர் பன்னியூரில் உருவாகி 1971-ல் வெளிவந்த பன்னியூர்-1 உலகத்தின் முதல் கலப்பின மிளகு என்பது தெரியுமா?

2012 டிசம்பரில் இதே கொச்சியின் கிடங்குகளில் ஆறாயிரம் டன்னுக்கு மேல் மிளகுக்குச் சீல் வைத்தார்கள். என்ன குற்றம்? மரபணுவா? பூச்சிமருந்தா? மினரல் ஆயில்! பளபளப்புக்காகவும் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கவும் பூசிய எண்ணெய். மலையில் விளைவித்த ஆள் ஒரு சொட்டு மருந்துகூட அடிக்காமல் இருந்திருக்கலாம். மூட்டை கைமாறும் வழியில் எங்கோ அந்தப் பூச்சு ஏறியிருக்கிறது. தோட்டத்தைப் பற்றியே சண்டை போடுகிறோம், கிடங்கை யார் பார்க்கிறார்கள்?

ஆர்கானிக் மிளகு என்றால் ஒன்றுமே தெளிக்காதது என்று நினைக்கிறீர்களா? இல்லை! வாடல் நோய்க்குப் போர்டோ கலவை அடிக்கலாம், அளவுக்கு உட்பட்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலக் குழம்பு. அது எப்படிப் பிறந்தது, தெரியுமா? பிரான்ஸில் போர்டோ ஊர்க்காரர்கள் ரோட்டோரத் திராட்சையைத் திருடாமல் இருக்க, பார்த்தாலே அருவருப்பு வரும்படி நீலமாக எதையோ தெளித்து வைத்தார்கள். 1882-ல் அந்த வழியாகப் போன மில்லார்டே என்ற பேராசிரியர், ரோட்டோரக் கொடிகளில் மட்டும் நோய் இல்லையே என்று யோசித்தார். திருடனுக்கு வைத்த மருந்து பூஞ்சைக்குக் கேட்டது!

சான்றிதழும் சும்மா கிடைக்காது. இந்திய விதிப்படி ஆண்டுப் பயிருக்கு இரண்டு வருஷம், மிளகு மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருஷம் நிலத்தை மாற்றிக் காட்ட வேண்டும். இந்தக் காலத்தில் செலவு ஆர்கானிக், விலை சாதா! ஆலுவாவில் இருந்தே சான்றிதழ் தரும் நிறுவனம் ஒன்று இருபது வருஷத்துக்கு மேலாக இயங்குகிறது.

ஆறு மாதமும் பதிமூன்று வருஷமும்

ஒரே நாளில் நாட்டையே ஆர்கானிக் ஆக்கினால்? இலங்கை செய்து பார்த்தது. 2021 மே மாதம் அன்றைய அதிபர் கோத்தபய ராஜபக்ச ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார். நெல் விழுந்தது, தேயிலை விழுந்தது. மலையகத்துத் தோட்டத் தொழிலாளிக்குக் கொழுந்து எடை குறைந்தால் கூலியில் கைவைப்பார்கள், அவரிடம் யார் கேட்டார்கள்? நவம்பரில் தடை வாபஸ். இடையில் சீனாவில் இருந்து இருபதாயிரம் டன் ஆர்கானிக் உரத்தோடு 'ஹிப்போ ஸ்பிரிட்' என்று ஒரு கப்பல்! மாதிரியில் கெட்ட பாக்டீரியா இருக்கிறது என்று இலங்கை இறக்க மறுத்தது. கப்பல் கடலிலேயே சுற்றியது. கடைசியில் இறக்காத உரத்துக்கு 67 லட்சம் டாலர் கட்டினார்கள்.

சிக்கிம் 2003-ல் அறிவித்து 2016-ல் முழு ஆர்கானிக் மாநிலம் ஆனது. பதிமூன்று வருஷம். ஆர்கானிக்கில் மகசூல் பயிரையும் நிலத்தையும் பொறுத்து 5 முதல் 34 சதவீதம் குறையும் என்று 2012-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. அந்த இடைவெளியைத் தாங்கக் கால அவகாசம் வேண்டாமா?

இன்னும் ஒன்றே ஒன்று, விட மனசில்லை. உலகத்திலேயே முதல் என்று அறிவித்து நட்ட மரபணு மாற்று ரப்பர் எங்கே உருவானது, தெரியுமா? கொச்சியில் இருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில், கோட்டயம் புதுப்பள்ளியில் உள்ள ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில்! வைத்த மரபணுகூட வேறெங்கிருந்தும் வரவில்லை, ரப்பர் மரத்தினுடையதே. குளிரையும் வறட்சியையும் தாங்க அதில் கூடுதல் நகல்கள், அவ்வளவுதான். ரப்பரை யாரும் சாப்பிடப்போவதும் இல்லை. ஆனாலும் கேரளம் நடவிட மாட்டேன் என்றது. நாற்று வடகிழக்குக்குப் போனது. 2021 ஜூன் 22-ல் கவுகாத்தி அருகே சாருதாரியில் நட்டார்கள். ரப்பரில் பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும். 2028-க்குப் பிறகுதான் கோட்டயத்துக்காரர்களுக்கே அதன் பால் எப்படி என்று தெரியவரும், அதுவும் அஸ்ஸாமில் இருந்து!